மலிவான சாமான், விலை உயர்ந்த நோய்



"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல எண்ணெய், நல்ல தானியம் வாங்கிச் சாப்பிட்டால் மருந்துச் செலவு மிச்சம் என்பது அதன் பொருள். அந்தக் காலத்து வாணியன் ஊருக்குள்ளேயே செக்கு ஆட்டினான். விலையையும் அவனே சொன்னான். இன்று தோட்டக் கடையில் நீங்கள் எடுக்கும் எண்ணெய்ப் பாக்கெட்டுக்கும், சீனிக்கும், அரிசி மூட்டைக்கும் கடைக்காரர் மட்டும் விலை வைப்பதில்லை. புத்ராஜெயாவில் உட்கார்ந்திருப்பவர்களும் வைக்கிறார்கள். சில நேரம் இந்தியாவில் உட்கார்ந்திருப்பவர்களும் வைக்கிறார்கள்.

"அதெல்லாம் பெரிய மனுஷங்க சமாச்சாரம், சுகாதாரப் பகுதியில இதை எதுக்கு எழுதறீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எது மலிவோ அதுதான் நம் அடுப்பில் ஏறும். அடுப்பில் ஏறியதுதான் இரத்தத்தில் சேரும். ஆகவே, எந்தச் சாமான் மலிவாக இருக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கம் முடிவு செய்யும்போது, யாருக்கு என்ன நோய் வரும் என்பதிலும் அது கை வைக்கிறது.

நம் நிலைமை என்ன என்று முதலில் பாருங்கள். சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர். எல்லா இனத்தாரையும் விட நம்மிடம்தான் இது அதிகம். நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. 2019ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வயது வந்தோரில் இருபது பேருக்குப் பத்தொன்பது பேர் போதுமான காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை.

இந்த நாட்டில் சிறுநீரகம் கெட்டுப் போவதற்கு முதல் காரணம் இனிப்பு நீர்தான். சிறுநீரகம் கெட்டால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுக்க வேண்டும். பால் வெட்டுகிறவரோ, குலை அறுக்கிறவரோ வாரத்தில் மூன்று நாளை இழந்தால் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? சாப்பாட்டுக் கொள்கை நம் சம்பளப் பிரச்சினையும்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அரசாங்கத்தின் கையில் இதற்கென்று சில கருவிகள் இருக்கின்றன. மானியம், வரி, விலைக் கட்டுப்பாடு, முத்திரை, பள்ளிச் சாப்பாடு, நிலம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அறுக்கிற கத்தியைப் போலத்தான் இவையும். சரியாகப் பிடித்தால் வேலை நடக்கும், தப்பாகப் பிடித்தால் கையைக் கிழிக்கும்.

மானியம்

ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. செம்பனை எண்ணெயின் உலக விலை ஏறினாலும் இந்தப் பாக்கெட் அந்த விலையிலேயே நிற்கும்படி அரசாங்கம் வித்தியாசத்தைக் கட்டுகிறது. 2016 நவம்பரில் போத்தல் எண்ணெய்க்கு இருந்த மானியம் எடுக்கப்பட்டது, பாக்கெட்டுக்கு மட்டும் விட்டு வைத்தார்கள். ஏழை வீட்டுக்கு இது பெரிய உதவி. அதை நாம் மறுக்கவில்லை.

சீனியின் கதை வேறு. 2013 அக்டோபரில் சீனிக்கு இருந்த மானியத்தை எடுத்தார்கள். கிலோவுக்கு 34 காசு ஏறியது. இனிப்பு நீரையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். ஆனால் உச்ச விலை மட்டும் நீங்கவில்லை. உலகச் சந்தையில் சீனி விலை ஏறியபோது, ஆலைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகையால் 2023 நவம்பரிலிருந்து கிலோவுக்கு ஒரு வெள்ளி ஊக்கத்தொகை அவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். முன்வாசல் வழியாக வெளியே போனது பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்க. எண்ணெய்க்கு உதவி உண்டு. சீனிக்கும் உதவி கிடைத்தது. வெண்டைக்காய்க்கு, கத்தரிக்காய்க்கு, கீரைக்கு, பருப்புக்கு? தீபாவளிக்குச் சில நாள் பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி போன்றவற்றுக்கு உச்ச விலை வைப்பார்கள். பண்டிகை முடிந்ததும் அதுவும் முடிந்து போகும். வயிற்றை நிரப்புவது மலிவாகவும், உடம்பைக் காப்பது விலையாகவும் இருந்தால், கையில் காசு குறைந்தவர் எதை வாங்குவார்? அவரைக் குறை சொல்லிப் பயன் என்ன?

வரி

2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டார்கள். டின்னிலோ போத்தலிலோ அடைத்து விற்கும் பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு. பழச்சாற்றுக்கும் பால் பானத்துக்கும் அளவு சற்று வேறு. 2024 ஜனவரியில் இது 50 காசு ஆனது. 2025 ஜனவரியில் 90 காசு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 325 மில்லி டின் ஒன்றில், 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்றால், மொத்தம் 32 கிராமுக்கு மேல். ஆறு தேக்கரண்டிக்கு மேல்! ஒரு நாளைக்குப் பத்து தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. அந்த டின்னுக்கு வரி ஏறத்தாழ 29 காசு.

"இருபத்தொன்பது காசுக்கு யாரு குடிக்கிறதை விடப் போறா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வரி குடிக்கிறவரை மட்டும் குறி வைக்கவில்லை, தயாரிக்கிற கம்பெனியையும் குறி வைக்கிறது. சீனியை 5 கிராமுக்குக் கீழே கொண்டு வந்தால் கம்பெனிக்கு வரியே இல்லை. அதனால்தான் பல பானங்களில் சீனி குறைந்தது. நம்மைக் கேட்காமலே நம் வாய்க்குப் போகும் சீனி குறைகிறது.

ஆனால் இந்த வலையில் ஓட்டையும் உண்டு. கடையில் ஆற்றித் தரும் தே தாரேக்கு இந்த வரி இல்லை. அதில் ஊற்றும் டின் பாலைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. பெரட்டுக்கு முன்னால் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயந்தரம் ஒன்று என்று மூன்று தே தாரே குடித்தால், பத்து தேக்கரண்டிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். சோறு, பலகாரம் எல்லாம் அதற்கு மேல்.

பக்கத்துச் சிங்கப்பூரில் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே வரி போடவில்லை. 2022 டிசம்பர் இறுதியிலிருந்து அடைத்து விற்கும் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போட்டார்கள். சி, டி தரப் பானத்தின் மேல் அந்த எழுத்தைக் கட்டாயமாக அச்சடிக்க வேண்டும். டி தரத்துக்கு விளம்பரமே கூடாது. ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் இதை விரித்தார்கள். 2017இல் அங்கு விற்ற பானங்களில் நடுநிலையாக 7.1 விழுக்காடு இருந்த சீனி, 2023இல் 4.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. நம் நாட்டில் 2017 முதல் 'பிலிஹான் லெபே சிஹாட்' என்னும் முத்திரை உண்டு. விரும்பிய கம்பெனி மட்டும் அதைப் பெற்றுக்கொள்ளும். நல்லதுக்கு முத்திரை குத்துகிறோம், கெட்டதைக் காட்டிக் கொடுக்க எழுத்து இல்லை.

விலைக் கட்டுப்பாடும் அரிசியும்

உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோவுக்கு 26 வெள்ளிதான் உச்ச விலை என்று அரசாங்கம் வைத்தது. 2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. நம் வீடுகளில் பொங்கும் பொன்னி அரிசிக்கு அப்போது விலை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். செப்டம்பர் 1ஆம் தேதி பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள். 26 வெள்ளி அரிசி கடைகளில் காணாமற் போனது. உச்ச விலை என்பது பலகையில் இருந்தது, அரிசி அலமாரியில் இல்லை.

இதில் பாடம் என்ன? விலையைப் பூட்டினால் மட்டும் போதாது, விளைச்சலும் வேண்டும். நாம் சாப்பிடும் அரிசியில் பெரும் பங்கு கெடாவிலும் பெர்லிஸிலும் மற்ற நெல் வட்டாரங்களிலும் விளைகிறது, மீதி கப்பலில் வருகிறது. அந்த மீதியைக் கொடுக்கிற நாடு கதவைச் சாத்தினால் நம் சட்டி காய்கிறது. நெல் விவசாயியும் நம்மைப் போல உழைப்பாளிதான். 2025இல் நெல்லின் அடிப்படை விலையை டன்னுக்கு 1,500 வெள்ளியாக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் நெல் விலையை உயர்த்தி, மறுபக்கம் அரிசி விலையைப் பூட்டி வைத்தால், நடுவில் ஆலைக்காரர் திணறுகிறார். ஒரு கருவியைத் தொட்டால் இன்னொன்று அசையும்.

கோழியும் அப்படித்தான். "கோழி நம்ம நாட்டுலதானே வளருது?" என்பீர்கள். வளர்வது இங்கேதான். அது தின்னும் சோளமும் சோயாவும் ஏறத்தாழ முழுக்க வெளிநாட்டிலிருந்து வருகின்றன. 2022இல் தீவன விலை ஏறிக் கோழி தட்டுப்பட்டபோது, ஜூன் மாதம் ஏற்றுமதியையே நிறுத்த வேண்டியதாயிற்று. கோழிக்கு இருந்த மானியமும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பரில் நீங்கின. முட்டைக்கு 2025 ஆகஸ்டில் நீங்கின. 2022ஆம் ஆண்டு மலேசியா இறக்குமதி செய்த உணவின் மதிப்பு 7,500 கோடி வெள்ளிக்கு மேல்.

இன்றைக்குச் சாப்பிடுவதற்காக நாளைய மண்ணையும், தண்ணீரையும், உடம்பையும் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் நீடித்து நிற்கும் உணவு முறை. நாட்டுக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்.

நிலம்

இங்கேதான் நம் தோட்டக் கதை வருகிறது. மலேசியாவில் ஏறத்தாழ 56 லட்சம் ஹெக்டரில் செம்பனை நிற்கிறது. அதை நட்டவர்களும் அறுத்தவர்களும் நாம். ஆனால் அந்த நிலத்தின் நடுவில் குடியிருந்துகொண்டு, பட்டணத்து லாரி கொண்டு வரும் வாடிய கீரைக்குக் காத்திருக்கிறோம்.

ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் பர்மா அரிசிக் கப்பல் நின்றது. தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரப்பரை உண்ண முடியாது என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

இதை யாரும் முன்பே யோசிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்து 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பே, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்றது. சுமார் 2,700 சதுர அடி. 1974இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது 'புக்கு ஹிஜாவ்' திட்டம் வந்தது. சும்மா கிடக்கும் நிலத்திலெல்லாம் உணவுப் பயிர் போடுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. லயத்துக்குப் பின்னால் வெண்டையும் முருங்கையும் பசலையும் நின்ற காலம் நம்மில் பலருக்குத் தெரியும்.

செம்பனையை மறுநடவு செய்யும்போது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கன்றுகளுக்கு நடுவே வெயில் விழும். அந்த இடைவெளியில் வாழை, கச்சான், சோளம், மரவள்ளி ஆகியவற்றைப் போடலாம். நிர்வாகம் மனம் வைத்தால் நடக்கக்கூடியதே. நிலம் கொடுப்பதும் ஒரு கொள்கைக் கருவிதான். அந்தக் கருவி பாதி அரசாங்கத்திடம் இருக்கிறது, பாதி துரைமார் கையில் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பாரகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. மற்ற மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. மருந்து அடித்த வரிசைக்குப் பக்கத்திலோ, மருந்துத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரத்திலோ கங்கோங், கீரை பறிக்காதீர்கள். மருந்து டின்னைக் கழுவி அதில் தண்ணீரோ அரிசியோ வைக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் கூடாது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் திருந்தட்டும் என்று நாம் காத்திருந்தால் இரத்தத்தில் உள்ள சீனி காத்திருக்காது. ஆகவே இன்றே செய்யக்கூடியவை:

1. எண்ணெய்ப் பாக்கெட்டை எண்ணுங்கள். ஐந்து பேர் வீட்டில் மாதம் நான்கு பாக்கெட் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஊற்ற வேண்டாம், கரண்டியால் அளந்து விடுங்கள். இரண்டு பாக்கெட்டில் நிறுத்தப் பாருங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பொரிக்காதீர்கள்.

2. தே தாரேயில் டின் பாலைப் பாதியாகக் குறையுங்கள். "கூராங் மானிஸ்" என்று கடையில் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். வேலைக் காட்டுக்குப் போகும்போது காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுத்துப் போங்கள்.

3. தட்டை மூன்றாகப் பிரியுங்கள். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், முட்டை, பருப்பு அல்லது கோழி, அரைத் தட்டு காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' இதுதான்.

4. மைகார்ட்டில் வரும் 'சாரா' உதவியை வைத்துக் கடையில் எடுக்கும்போது அரிசி, முட்டை, டின் மீன் ஆகியவற்றை முதலில் எடுங்கள். மைலோவும் பிஸ்கட்டும் மாகி மீயும் பிறகு.

5. நாற்பது வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதியுங்கள். வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால் முப்பதிலேயே போங்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்கிறவர்தான் முதலில் போக வேண்டும்.

6. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குவீட்டுக்குப் போனவர்களும் மனம் தளர வேண்டாம். வெயில் படும் இடத்தில் நான்கு வாளி மண் இருந்தால் கறிவேப்பிலை, மிளகாய், பசலை, பாயாம் கீரை வரும்.

சங்கமாக நாம் கேட்க வேண்டியது

ஒரு வீட்டின் கரண்டியால் முடியாததைப் பல கைகள் சேர்ந்தால் முடிக்கலாம். கிளைக் கூட்டத்தில் இவற்றை எழுப்புங்கள்.

லயத்துக்குப் பக்கத்தில் காய்கறி போட நிலம் கேளுங்கள். மறுநடவு நடக்கும் தோட்டத்தில் ஊடுபயிர் போட அனுமதி கேளுங்கள். மருந்து அடிக்காத இடமாக அது இருக்கட்டும்.

சுத்தமான குழாய்த் தண்ணீர் கேளுங்கள். தண்ணீர் கலங்கி வரும் தோட்டத்தில் பிள்ளைகள் சாயம் போட்ட சீனித் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். எந்த வரியும் அதைத் தடுக்காது.

தமிழ்ப்பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நடக்கிறது. அந்தத் தட்டில் என்ன வைக்கிறார்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள். அரசாங்கம் பள்ளிகளுக்கு வாங்கும் காய்கறியும் முட்டையும் பக்கத்து விவசாயியிடமிருந்து வந்தால், பிள்ளைக்கும் நல்லது, விவசாயிக்கும் நல்லது.

இனிப்புப் பானங்களில் வசூலாகும் வரிப் பணத்தில் காய்கறி, பருப்பு விலையைக் குறைக்க ஒரு பங்கு ஒதுக்கும்படி நம் தலைவர்கள் மூலம் வலியுறுத்துவோம். சீனியிலிருந்து வந்த காசு கீரைக்குப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பளம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதற்குக் குறைவாகக் கையில் வந்தால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரைப் பாருங்கள். காய்கறி வாங்கக் காசில்லாதவரிடம் காய்கறி சாப்பிடச் சொல்வது அறிவுரை ஆகாது, கேலி.

தாய்மார்களே, சம்பள நாளில் சீட்டைப் பிரித்து, எத்தனை நாள் பேர், எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம் என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறோம் அல்லவா? அதே கண்ணோடு மளிகைச் சீட்டையும் பாருங்கள். எதற்கு விலை குறைந்திருக்கிறது, எதற்கு ஏறியிருக்கிறது, ஏன் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். கேட்கத் தெரிந்த வீட்டை ஏமாற்றுவது கடினம். உடம்பு ஒன்றுதான் தொழிலாளியின் முதல். அதை மலிவான சாமானுக்கு விற்றுவிடாதீர்கள்.